உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று மகள் கேட்டாள்

கேள்வி

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு வயது 37. சொந்த இடம் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டம். உயர்தரம் படித்து முடித்து, 21 வயதில் கல்யாணம். அவர் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். வத்தளையில் வாடகைக்கு ஒரு அறை எடுத்து இருந்தோம். அவர் அடித்ததில்லை, குடித்ததில்லை. ஆனால் வீட்டில் எதுவும் என்னைக் கேட்டு நடந்ததும் இல்லை. எனக்குச் சேலைகூட அவர்தான் எடுத்து வருவார். நாலு வருடத்துக்கு முன் வேறு ஒரு பெண்ணோடு போய்விட்டார். போன வருடம் விவாகரத்து வழக்கும் முடிந்துவிட்டதாக சட்டத்தரணி சொன்னார். இப்போது மகளோடு அம்மாவின் லயத்துக் காம்பராவில் இருக்கிறேன். தம்பியும் அவன் மனைவியும் அங்கேதான். மகளுக்கு 12 வயது.

போன தீபாவளிக்கு டவுனில் துணிக்கடைக்குப் போனோம். “அம்மா, உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?” என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. கடையிலேயே அழுதுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் நான் வலைப்பந்து டீமில் இருந்தவள். எல்லாரையும் அதட்டிக்கொண்டு ஓடுவேன். அந்தப் பெண் எங்கே போனாள், அவளை எப்படித் திரும்பக் கண்டுபிடிப்பது? கழுத்தில் இன்னும் தாலி கிடக்கிறது. கழட்டாதே என்கிறார் அம்மா, இன்னும் எதற்கு என்கிறான் தம்பி. மாமா மகளின் கல்யாணத்தில் நலங்கு வைக்க எழுந்தபோது சித்தி என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். ஆவணியில் இன்னொரு கல்யாணம் வருகிறது. போவதா, வேண்டாமா? சில ராத்திரி, விடியவே வேண்டாம் போல இருக்கிறது.

— பெயர் வேண்டாம்

பதில்

அன்புத் தங்கைக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைத்தான் முதலில் எடுக்கிறேன். “விடியவே வேண்டாம் போல” என்று எழுதியிருக்கிறீர்கள். அலுப்பில் சொன்னதாகவும் இருக்கலாம், உயிரை விட்டுவிடலாமா என்ற நினைப்பாகவும் இருக்கலாம். எது என்று உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு 1926க்கு எடுங்கள். அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். நுவரெலியா பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லை. அவ்வளவு தூரம் போகத் தயக்கம் என்றால், தோட்டத்துக்கு வரும் மிட்வைஃப் மிஸ்ஸியிடம் “எனக்குத் தூக்கம் வருவதில்லை” என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்கு அது போதும், அடுத்து எங்கே அனுப்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு கிழமைக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு பிடிக்காமல், மகளின் பேச்சுகூட எரிச்சலாக இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து உண்டு. மனதைத் திடப்படுத்திக்கொண்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். காய்ச்சலுக்கு யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

இனி கடிதத்துக்கு வருகிறேன். மூன்று பக்கம். (முழுவதும் இங்கே போட இடமில்லை.) நான் நாலு தரம் படித்தேன். தாலியைப் பற்றி அம்மா சொன்னதை எழுதியிருக்கிறீர்கள், தம்பி சொன்னதை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எங்கேயும் இல்லை. கல்யாணத்தில் சித்தி செய்தது இருக்கிறது. உங்களுக்கு நலங்கு வைக்க ஆசை இருந்ததா, இல்லை எல்லாரும் எழுந்தார்கள் என்று எழுந்தீர்களா என்பது இல்லை. “எனக்கு வேண்டும்” என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது. அதுவும் “மகளைப் படிக்க வைக்க வேண்டும்” என்பதுதான்.

இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. துணிக்கடையில் உங்களை அழ வைத்தது இதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்வியை உங்களிடம் யாரும் கேட்டதே இல்லை. அவர் அடிக்கவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள், அடிக்காதவரைப் பற்றிக் குறை சொல்வது தப்போ என்று பயந்ததுபோல. தப்பில்லை. ஒரு மனுஷியிடம் பன்னிரண்டு வருடம் எதையும் கேட்காமலே இருந்தால், கடைசியில் அவள் தன்னைத் தானே கேட்பதையும் விட்டுவிடுகிறாள். அடி பட்ட இடத்தைக் காட்டலாம். இதைக் காட்ட முடியாது, அதனால் ஆறுதல் சொல்லவும் யாரும் வருவதில்லை.

உங்கள் வீட்டில் மட்டும் தொடங்கிய பழக்கமும் இல்லை இது. நம் தோட்டங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாள் சம்பளம் என்று ஆனதே 1984இல்தான். அதற்குப் பிறகும் சம்பள நாளில் மனைவியின் சம்பளத்தையும் சேர்த்துப் புருஷனே வாங்கி வருவது பல தோட்டங்களில் சாதாரணமாக இருந்தது. விடிய எழும்பிச் சமைத்து வைத்து, பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டு, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடி, மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்தவள் அவள். அந்தக் காசில் தனக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க அவளுக்கு ஒரு நாளும் வாய்க்கவில்லை. உங்கள் அம்மா அந்த வரிசையில் வந்தவர். நீங்கள் அழுதபோது அவருக்கு ஒன்றும் புரியாமல் நின்றிருப்பார். அவரிடமும் யாரும் கலர் கேட்டிருக்க மாட்டார்கள். என் அம்மாவும் கொழுந்தெடுத்தவர்தான். அவருக்கு என்ன பிடிக்கும் என்று அவர் போன பிறகுதான் யோசித்தேன். உங்கள் மகளுக்கு அதை 12 வயதிலேயே கேட்கத் தோன்றியிருக்கிறது. நீங்கள் வளர்த்த பிள்ளைக்குத்தானே அப்படித் தோன்றியது?

அந்த வலைப்பந்துப் பெண்ணைத் திரும்பக் கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கிறீர்கள். என்னிடம் வரும் பெண்கள் பாதிப் பேர் இதைத்தான் வேறு வேறு வார்த்தையில் கேட்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் இருந்தவள் எங்கேயோ பத்திரமாக நிற்கிறாள், வழி தெரிந்தால் போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று ஒரு எண்ணம். நான் சொல்வது கொஞ்சம் கசக்கும்: அவளைத் தேடாதீர்கள். அவளுக்கு 17 வயது. வாடகை கட்டத் தெரியாது, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்கு ராத்திரி முழுக்க நெற்றியில் ஈரத்துணி போடத் தெரியாது. 37 வயதுப் பெண்ணின் பாரத்தை அவளால் தூக்க முடியாது. அப்புறம், அவளைத் தேடுவதில் இன்னொரு நட்டமும் இருக்கிறது. நடுவில் போன பதினாறு வருடத்தையும் குப்பையில் போட்டுவிடுகிறீர்கள். அது அவருடைய காலம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறீர்கள். அது உங்களுடைய காலமும்தான்.

இதற்கு ஆதாரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. இரண்டாம் பக்கம், நடுவில். வத்தளையில் பக்கத்து அறைப் பெண்ணின் பழைய தையல் மெஷினில் தைக்கப் பழகியதை எழுதும்போது உங்கள் எழுத்தே மாறிவிடுகிறது. சொல்லித்தர ஆளில்லாமல், பிய்ந்த சட்டை ஒன்றைத் தையல் தையலாகப் பிரித்து, துண்டுகளைப் பேப்பரில் வைத்து வரைந்து கைவெட்டு பழகினேன் என்கிறீர்கள். கக்கத்தில் பிடிக்காமல் இருக்க எங்கே அரை இஞ்சி விட வேண்டும் என்று விளக்குகிறீர்கள். எட்டு வருடம் அக்கம்பக்கத்துக்கு யூனிஃபோமும் சட்டையும் தைத்துக் கொடுத்தேன் என்கிறீர்கள். அந்த அரைப் பக்கத்தில் “அவர் சொன்னார்” இல்லை, “அம்மா சொன்னார்” இல்லை. “கழுத்து அப்படி வெட்டினால் எனக்குப் பிடிக்காது” என்று ஒரு வரிகூட இருக்கிறது. பாருங்கள், உங்களுக்குப் பிடிக்காதது எது என்று உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. காணாமல் போய்விட்டேன் என்று எழுதிய கடிதத்துக்குள்ளேயே நீங்கள் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

ஆகவே அங்கிருந்து தொடங்குவோம். இப்போது தம்பி மனைவிக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கும் “சும்மா” தைத்துக் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தம்பி மனைவிக்குச் சும்மா தைக்கலாம், அது குடும்பம். மற்றவர்களிடம் கூலி கேளுங்கள். கேட்க வாய் வராது என்று தெரியும். மெஷின் பக்கத்தில் ஒரு அட்டையில் விலையை எழுதிவிடுங்கள், அட்டை பேசட்டும். வரும் காசை உங்கள் பெயரில் மட்டும் ஒரு வங்கிப் புத்தகம் போட்டு வையுங்கள், 500 ரூபாயானாலும் சரி. வீட்டுச் செலவுக்கு ஒரு பங்கு கொடுங்கள், மிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இது பலருக்குத் தெரியாது. பல வருடம் ஒரு தொழிலைச் செய்தவர் வகுப்புக்குப் போகாமலே, அந்த அனுபவத்தை வைத்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். பரிசோதகர் வந்து உங்கள் வேலையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார், தைத்த துணி, படம், அளவுக் கொப்பி மாதிரி ஆதாரம் கேட்பார். தையலும் அதில் இருக்கிறது. நைட்டா என்று சொல்கிறார்களே, அந்தப் பயிலுநர் பயிற்சி அதிகார சபையில் விசாரியுங்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார், அவரைப் பார்த்தாலும் வழி சொல்வார். அதே கட்டடத்தில் உளவளத்துணை உத்தியோகத்தரும் இருப்பார், அவரோடும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வாருங்கள். நான் இதை வேலைக்காக மட்டும் சொல்லவில்லை. வீணாய்ப் போனது என்று நீங்கள் ஒதுக்கி வைத்த வருடங்களுக்கு ஒரு கடதாசி கிடைக்கும், அதில் உங்கள் பெயர் இருக்கும். அதைப் பார்க்க வேண்டும் உங்களுக்கு.

கடதாசி என்றதும் ஒரு கவலை. வழக்கு முடிந்தது என்று சட்டத்தரணி “சொன்னார்” என்கிறீர்கள். கையில் என்ன இருக்கிறது? நம் நாட்டுச் சட்டப்படி மாவட்ட நீதிமன்றம் முதலில் ஒரு கட்டளை தரும், அதோடு விவாகரத்து முழுமையாவதில்லை. குறைந்தது மூன்று மாதம் கழித்து அதை இறுதிக் கட்டளையாக்க வேண்டும். முதல் கட்டளையோடு எல்லாம் முடிந்தது என்று வருடக்கணக்காக நம்பியிருந்த பெண்களைப் பார்த்திருக்கிறேன். நீதிமன்றத்தில் இறுதிக் கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்து, ஒன்றுக்கு இரண்டு ஃபோட்டோ கொப்பி போட்டு வையுங்கள். அடையாள அட்டையில் அவர் பெயர் இருப்பதை மாற்ற நினைத்தாலும் அந்தப் பிரதியோடு கிராம சேவகரிடம் போய்க் கேட்கலாம். மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவசரமில்லை.

மகளுக்கு அவர் ஒரு சதமும் அனுப்புவதில்லை என்கிறீர்கள், “கேட்டு வாங்க ரோசமாக இருக்கிறது” என்கிறீர்கள். தங்கை, அது உங்கள் ரோசம், செலவு பிள்ளையுடையது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டப்படி, வசதியுள்ள தகப்பன் 18 வயது வரை பிள்ளையைப் பார்க்க வேண்டியவர். அதற்கு மேல் 25 வயது வரையிலும், தன்னைத் தானே பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் பிள்ளை இருந்தால் கேட்க இடமிருக்கிறது. விவாகரத்து ஆகிவிட்டதால் தகப்பன் பொறுப்பு போய்விடாது. நீதவான் நீதிமன்றத்தில்தான் அந்தப் பராமரிப்புப் பணத்தை (தாபரிப்பு) கேட்க வேண்டும். சட்டத்தரணிக்குக் கட்டப் பணமில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 1938க்கு எடுங்கள், அது பெண்களுக்கான உதவி இலக்கம்.

சரி, தாலி.

இதில் நான் உங்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் அம்மாவுக்கும் தம்பிக்கும் அடுத்து மூன்றாவது ஆளாக நானும் வந்துவிடுவேன். சட்டம் கழட்டு என்றும் சொல்லவில்லை, போடு என்றும் சொல்லவில்லை. கழட்டி மகளுக்கு ஒரு தோடாக மாற்றிய பெண்ணைத் தெரியும். பத்து வருடமாகப் போட்டுக்கொண்டிருக்கும் பெண்ணையும் தெரியும். கொழும்பு பஸ்ஸில் தனியாகப் போகும்போது கழுத்தில் அது இருந்தால் யாரும் கிட்ட வரமாட்டார்கள் அக்கா என்றாள் அவள், அது அவளுடைய காரணம். ஒரு நாள் குளிக்கப் போகும்போது கழட்டி வைத்துப் பாருங்கள், ஒரு மணி நேரம். கழுத்து என்ன சொல்கிறது என்று கவனியுங்கள். திரும்பப் போட வேண்டும் போலிருந்தால் போடுங்கள். மூன்று மாதம் கழித்து மனம் மாறினால் மாற்றிக்கொள்ளுங்கள். அம்மா கேட்டால், “யோசிக்கிறேன் அம்மா” என்று சொல்லலாம், பொய்யில்லை. அம்மா பயப்படுவது தாலிக்காக இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. வாழாவெட்டி என்ற அந்தச் சொல்லை யாராவது உங்கள் காதுபட சொல்லிவிடுவார்களோ என்றுதான். அந்தச் சொல்லை நான் இந்தப் பதிலில் எழுதவே யோசித்தேன். எழுதினேன், ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அந்தச் சொல்லை எழுதாமல் அந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறீர்கள். பன்னிரண்டு வருடம் வாழ்ந்தீர்கள். விட்டுப் போனது அவர். அந்தச் சொல்லில் உங்களுக்குப் பொருந்துவது ஒன்றுமில்லை.

லயத்தில் உங்களுக்கென்று ஒரு இடம் இல்லாததும் பெரிய விஷயம். பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் ஐந்து பேர். அழக்கூட தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போக வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், அதைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். கொழும்பில் ஒருத்தி “தனியாக ஒரு பயணம் போய்வா” என்று ஆலோசனை சொல்லுவாள். உங்களுக்கு அது ஆகாது. ஆனால் முன்பக்கத்து இஸ்தோப்பில் தையல் மெஷின் இருக்கும் மூலை இருக்கிறது. அதற்கு ஒரு திரை தைத்துப் போடுங்கள். வேலை நேரம் என்று தம்பியிடமும் அவன் மனைவியிடமும் சொல்லிவிட்டால், சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்த மூலை உங்களுடையது. தைக்கலாம், தைக்காமல் சாயத்தண்ணி குடித்துக்கொண்டு மலையைப் பார்த்துக்கொண்டும் இருக்கலாம். தம்பி மனைவியைப் பற்றி நீங்கள் ஒரு குறையும் எழுதவில்லை. அவளும் அந்த ஐந்து பேரில் ஒருத்தி, அவளுக்கும் இடமில்லை. திரைக்குத் துணி எடுக்கும்போது அவளையும் கேளுங்கள்.

வலைப்பந்தை மறக்கச் சொல்கிறேனா? இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் பந்து இருக்கிறதா என்று கேளுங்கள். மறுபடி டீமில் ஓட வேண்டும் என்பதற்காக அல்ல. மகளுக்கு ஒரு பந்தைப் பிடித்துப் போடச் சொல்லிக் கொடுக்கும்போது, உங்கள் கையில் என்ன மிச்சமிருக்கிறது என்று தெரியும். முழங்கால் வலித்தால் நிறுத்திவிடுங்கள்.

இனி ஆவணிக் கல்யாணம். போவதா என்று கேட்டால், உங்களுக்கு அந்தப் பெண்ணைப் பிடிக்குமா? பிடித்தால் போங்கள். பிடிக்காவிட்டால் மொய்யை அம்மாவிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருங்கள். போகிறீர்கள் என்றால், நலங்கு விஷயத்தை மண்டபத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். இரண்டு கிழமைக்கு முன்பே பெண்ணின் அம்மாவிடம் நேரே கேட்டுவிடுங்கள்: “எனக்குப் பிள்ளைக்கு நலங்கு வைக்க ஆசை, உங்களுக்குச் சம்மதமா?” ஆசை இருந்தால் மட்டும். வேண்டாம் என்று சொன்னால் வலிக்கும், ஆனால் அது நாலு பேர் முன்னால் கையைப் பிடித்து உட்கார வைத்த வலி மாதிரி இருக்காது. சம்மதம் என்றால் சித்தி பக்கத்தில் இருந்தாலும் எழுந்து போவீர்கள். சித்தி கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்ததை அவர் செய்தார்.

கல்யாணத்துக்குச் சேலை எடுக்க மறுபடி அந்தத் துணிக்கடைக்கே போங்கள், மகளைக் கூட்டிக்கொண்டு, கூட்டமில்லாத ஒரு கிழமை நாளில். பிடித்தது எது என்று உடனே தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. பிடிக்காததை முதலில் ஒதுக்குங்கள், சட்டைக் கழுத்தில் செய்வதுபோல. இது வேண்டாம், இதுவும் வேண்டாம் என்று தள்ளத் தள்ள, இரண்டு மூன்று மிஞ்சும். அவற்றை வாசலுக்குக் கொண்டுபோய் வெயில் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் கொஞ்சம் முணுமுணுப்பார், பரவாயில்லை. அன்றைக்கு ஒன்றும் மனதுக்குப் படவில்லை என்றால் எடுக்காமலே திரும்பி வாருங்கள். ஆவணிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
அக்கா